சுரங்கத்தாரின் நான்காம் வார்த்தை

ஆண்டவருடைய தாகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யப் போய், நடுவிலே நான்கு டம்ளர் மோர் குடித்தவன் கிறிஸ்தவ உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் பெரிய வெள்ளிக்கிழமையன்று. அதுவும் சபை முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருக்கும்போது.

காரிமங்கலத்துக்கு மேற்கே ஒரு சிற்றூர். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகவும், ஊர்க் கோயிலுக்கு உபதேசியாராகவும் என்னைப் போட்டிருந்தார்கள். இரண்டு வேலைக்கும் என்னிடம் இருந்த தகுதி ஒன்றுதான்: தொண்டை. போதகர் ஐயா தருமபுரியிலிருந்து மாதம் ஒரு முறை சைக்கிளில் வந்து, அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அந்தச் சபை என் வாயில் அகப்பட்டுக்கொண்டு தவித்தது.

பெரிய வெள்ளியன்று மத்தியானம் மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் தொங்கியபடி ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டு பேசுவார்கள். ஐந்தாவது வார்த்தை "தாகமாயிருக்கிறேன்" என்பது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த நான் ஆசைப்பட்டு அதை எடுத்துக்கொண்டேன். பங்குனி வெயில், ஓட்டுக் கூரை. பாலைவனம், ஒட்டகம், வெடித்துக் கிடக்கும் ஏரி என்று நான் தாகத்தை விளக்க விளக்க, எனக்கே தாகம் எடுத்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் பேசியவர்கள் விரதம் விடட்டும் என்று மேசையோரம் ஒரு செம்பு மோர் வைத்திருந்தார்கள். கை அதுவாகப் போயிற்று. முதல் டம்ளரை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டாவதில் முன்வரிசைக் குழந்தைகள் எச்சில் விழுங்கின. நான்காவது டம்ளரை வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "பிரியமானவர்களே, அந்தத் தாகத்தை எண்ணிப் பாருங்கள்" என்றேன்.

கோயில் வாசற்படியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இருமல் நிற்கவேயில்லை. ஆறாவது வார்த்தைக்காரர் எழுந்து பேசி முடிக்கும் வரைக்கும் அது போய்க்கொண்டிருந்தது.

சிரித்தவர்தான் சுரங்கத்தார்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. மழை பொய்த்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் மைசூர்ச் சீமைக்குத் தங்கம் வெட்டப் போவார்கள். மீசை முளைக்கும் வயதில் அப்படிப் போனவர், மீசை நரைக்கும் முன்பே திரும்பி வந்தார். கல்லைத் துளைக்கும்போது பறக்கிற மாவு நெஞ்சுக்குள்ளே போய் இறுகிவிட்டது. ஒரு மூச்சில் அவரால் மூன்று சொல், மிஞ்சினால் நான்கு சொல் பேச முடியும். பிறகு நிறுத்தி, ஊதுலைத் துருத்தி மாதிரி இழுத்து, அடுத்த மூன்று சொல்.

அப்படிப்பட்டவருக்கு என்னைப் போல ஒருவன் உபதேசியாராக வாய்த்தது அவருடைய சோதனைகளில் ஒன்று என்றுதான் நினைக்கிறேன். யார் நீட்டிப் பேசினாலும் அவரிடம் அதற்கு ஒரே தீர்ப்பு: "மூச்சு வீண்." என் பிரசங்கத்துக்கும் அதுதான், கலியாண வீட்டு வாழ்த்துக்கும் அதுதான், வீட்டுக்காரி பேச்சுக்கும் அதுதான்.

அந்த அம்மாள் அவருக்கு நேர் எதிர். எருமை வைத்துப் பால், மோர் விற்றவர். சந்தை இரைச்சலுக்கு மேலே கேட்கிற குரல். கணவர் முதல் சொல்லைச் சொன்னால் போதும்; மீதியை இவர் முடித்து வைப்பார். பெரும்பாலும் தப்பாகவே முடிப்பார்.

"அந்த..." என்பார் சுரங்கத்தார்.

"அந்தச் சொம்பு தானே? உள்ள வெச்சிருக்கறேன்."

"இல்ல, அந்த..."

"அந்தப் போர்வையா? வெயில் கொளுத்துது, போர்வை எதுக்கு உங்களுக்கு?"

மூச்சு சேர்ந்து வந்ததும் அவர், "அந்த ஒபதேசியாரு... வந்து நிக்கறாரு" என்பார். நான் அதுவரைக்கும் வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

மனிதர் நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். நாக்கு முள். அந்த அம்மாள் பாடுபட்டுத்தான் வீடு ஓடியது. அதற்கு ஒரு நல்ல சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கோயிலில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால், ஒவ்வொருவராக எழுந்து, காய்ச்சல் தீர்ந்ததற்கு, கன்று ஈன்றதற்கு ஸ்தோத்திரம் சொல்வார்கள். இவர் எழவே மாட்டார். ஒரு முறை நான் சாடையாக அவர் பக்கம் பார்த்தபோது, "எதுக்குங்க? மொறை மாமனா நானு? சும்மாச் சும்மா... சீர் வெக்க?" என்றார். பெண்கள் பக்கத்தில் சேலைத் தலைப்புகள் வாயை மூடின.

கோயிலுக்குள்ளும் வரமாட்டார். உள்ளே காற்று பற்றாதாம். வாசற்படிதான் அவர் இடம். எந்தக் கட்டடத்துக்கு வந்தாலும் மனிதர்களைப் பார்க்கும் முன் கூரையைப் பார்ப்பார். இன்னொரு பழக்கம், தட்டிப் பார்ப்பது. சுரங்கத்தில் வேலை தொடங்கும் முன் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கம்பியால் தட்டுவார்களாம். கணீரென்றால் உறுதி. சத்தம் செத்து வந்தால் உள்ளே பொள்ளல், விழப் போகிறது. அந்தப் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. பூசணிக்காயைத் தட்டுவார், தூணைத் தட்டுவார், நின்றுகொண்டிருக்கும் மாட்டின் கொம்பைத் தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை என் பிரசங்கம் முடிந்ததும் வாசல் நிலையை விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். நிலை தேக்கு, நன்றாகக் கணீரென்றுதான் கேட்கும். ஆனால் அவர் தட்டியது நிலையை இல்லை என்று எனக்கும் தெரியும், சபைக்கும் தெரியும்.

மோர் குடித்த மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். மோர் அவர்கள் வீட்டு மோர். ஒரு சமாதானம் சொல்ல வேண்டாமா? அந்த அம்மாள் என்னைக் கண்டதும், "நாலு டம்ளரு குடிச்சீங்களே, மீதி ஆறு பேத்துக்கு நான் எங்கீங்க போவேன்? எருமையக் கோயிலுக்குள்ள கட்டி வெக்கட்டுமா?" என்று பிடித்துக்கொண்டார்.

சுரங்கத்தார் உள்ளே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டு விட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட தாம்புக் கயிறு. மூச்சு முட்டும்போது இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அதைப் பிடித்து, உடம்பை இழுத்து எக்குவார். அப்போதுதான் கொஞ்சம் காற்று உள்ளே போகும். பிறகு தளர்ந்து தொங்குவார். திரும்ப எக்குவார். பார்க்கச் சகிக்காது. நான் தரையைப் பார்த்தேன்.

"ஒபதேசியாரே, ஏழு வார்த்தயும்... சின்னச் சின்னது. ஏன்?"

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். ஏழு என்பது பூரணத்துக்கு அடையாளம் என்றேன். சுருக்கத்தில் ஆழம் இருக்கிறது என்றேன். வேதபண்டிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்றால் என்று தொடங்கினேன்.

"மூச்சு வீண்" என்றார். ஓர் எக்கு எக்கினார். "மலைமேல உக்காந்து... எவ்ளோ பேசுனாரு! படவுல உக்காந்து... எவ்ளோ பேசுனாரு! இங்க மட்டும்... துண்டு துண்டா." மறுபடி எக்கினார். "கையத் தூக்கிக் கட்டிட்டாங்க. ஆணிமேல எக்குனாத்தான்... மூச்சு. ஒரு எக்குக்கு... ஒரு வார்த்த."

கயிற்றில் தொங்கிக்கொண்டு, தம்முடைய மணிக்கட்டை ஒருதரம் பார்த்தார்.

"எனக்குக் கயிறு. அவருக்கு ஆணி."

இரக்கத்தோடு சொல்லவில்லை. கோபமாகச் சொன்னார். தன் கூட்டாளி ஒருவனை மேஸ்திரி அடித்துவிட்டதைக் கேள்விப்பட்ட ஆளின் கோபம் மாதிரி இருந்தது. அதற்கு முன்பும் அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் சிலுவையைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். அதிகமாக என்னையே கேட்டிருக்கிறேன். ஆண்டவருக்காகக் கோபப்பட்ட ஆள் இவர் ஒருவர்தான்.

அவர் சுரங்கத்தை விட்டு வந்ததும் அவருடைய ஒரே மகன் அதே வேலைக்குப் போயிருந்தான். நோயாளி அப்பன், எருமை ஒன்று, கல்லு நிலம் ஒரு துண்டு. வேறு எங்கே போவான்? வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வருவான். அப்பன் மாதிரியே எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பான். இரண்டு பேரும் ஒரே பானையை மாறி மாறித் தட்டிவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

யுத்தம் தொடங்கிச் சீமெண்ணெய்க்கு அலைந்துகொண்டிருந்த காலத்தில் செய்தி வந்தது. கடத்தூர்ப் பையன் ஒருவன், அதே சுரங்கத்தில் வேலை செய்கிறவன், நேரில் வந்து சொன்னான். பாறை வெடித்து வழி மூடிக்கொண்டது. உள்ளே மகனும் இன்னும் சிலரும். தோண்டிப் பார்த்தார்கள், தோண்டத் தோண்ட மேலேயிருந்து சரிந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

"உள்ள இருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சுங்க" என்றான் அந்தப் பையன். அவன் சின்னவன், அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியவில்லை. "அப்பறம் கேக்கலீங்க."

அன்றிலிருந்து சுரங்கத்தார் எதையும் தட்டவில்லை.

ஆறுதல் சொல்வது என் உத்தியோகம். போனேன். இங்கேதான் என் முட்டாள்தனத்தின் சிகரத்தைச் சொல்ல வேண்டும். மோரெல்லாம் இதற்கு அடிவாரம். எந்த இழவு வீட்டுக்குப் போனாலும் நான் சொல்கிற ஒரு வரி கைவசம் இருந்தது. நன்றாக ஓடுகிற வரி. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். யோசிக்காமல் அதையே எடுத்து விட்டேன்:

"அண்ணா, பொன்னைப் புடம் போடற மாதிரி ஆண்டவர் உங்களைப் புடம் போடறாருங்க."

தங்கச் சுரங்கத்தில் நெஞ்சைக் கொடுத்தவரிடம். தங்கச் சுரங்கத்துக்குள்ளே மகன் கிடக்கும்போது.

அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சுரங்கத்தார் கயிற்றை விட்டுவிட்டார். விட்ட கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

"பொன்னா?" என்றார். "எங்க இருக்குது பொன்னு?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"ஒரு வண்டிக் கல்ல... மாவா அரைச்சா... ஒரு மூக்குத்தி வரும். மூக்குத்தி... கப்பல் ஏறிடும். மீதி மண்ணு... ஊருக்கு வெளிய கொட்டுவாங்க. மலை மாதிரி." எக்குவதற்குக் கயிற்றைத் தேடினார், கிடைத்தது. "நான் பாத்திருக்கறேன்ங்க. நாங்க... அந்த மண்ணு."

நான் எழுந்து போயிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "அப்படிச் சொல்லாதீங்கண்ணா, ஆண்டவர்..." என்றேன்.

"அவரையும் ஊருக்கு வெளியதான்... கொட்டுனாங்க" என்றார். "போங்க. போயி... இஸ்கோலப் பாருங்க."

அந்த வரியை அதோடு விட்டேன். இன்றைக்கு வரைக்கும் எந்த இழவு வீட்டிலும் நான் தங்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. என் மனைவியிடம்கூடப் பேசுவதில்லை. அதற்குக் காரணம் வேறு.

கொஞ்ச காலம் சுரங்கத்தார் கோயில் பக்கமே வரவில்லை. வாசற்படி காலியாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லை. பிரசங்கத்தை முடித்துவிட்டு நிலையைப் பார்ப்பேன். ஒரு நாள் அவர் அங்கே இருந்தார். கோலை ஊன்றி, வழியில் நின்று நின்று வந்திருந்தார். ஆராதனை முடிந்து எல்லாரும் சூழ்ந்துகொண்டு, ஆண்டவர் உங்களைத் திரும்பக் கொண்டுவந்தார் என்றார்கள்.

"நானே நடந்து வந்தேன்" என்றார்.

"ஏன்ணா வந்தீங்க?" என்று தனியாகக் கேட்டேன்.

"சண்ட போட... ஆளு வேணுமில்ல? வேற யாருகிட்டப் போட?" என்றார், உள்ளே பீடத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு.

அந்த வருஷத்துப் பெரிய வெள்ளி நெருங்கியது. ஏழு வார்த்தைகளைப் பங்கு போட்டோம். எங்கள் சபையில் இதில் ஒரு வழக்கம் உண்டு. மன்னிப்பைப் பற்றிய முதல் வார்த்தை சபை மூப்பருக்கு. கள்ளனுக்குச் சொன்ன இரண்டாவதற்குப் போட்டி நடக்கும். கதை இருக்கிறது, கையை ஆட்டிப் பேசலாம். நான்காவது வார்த்தையை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். தேவனே தம்மைக் கைவிட்டுவிட்டார் என்று ஆண்டவர் கதறிய வார்த்தை அது. அதை எங்கே பிடித்துப் பேசுவது? வருஷா வருஷம் அது கடைசியில் உபதேசியார் தலையில்தான் விழும். அவர் அதைப் பத்து நிமிஷம் சுற்றி வளைத்து, "ஆனாலும் பிதா கேட்டார், பதில் கொடுத்தார்" என்று முடித்துவிட்டு உட்காருவார். அந்த வருஷமும் என் தலைக்கு வந்துகொண்டிருந்தது.

"நாலாவது... எனக்குக் குடுங்க" என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

மூப்பர் திரும்பிப் பார்த்தார். ஊரில் கடலைக்காடும் மாந்தோப்பும் உள்ள ஒரே கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. கோயில் ஓடு அவர் போட்டது. "ஒரு ஸ்தோத்திரம் சொல்லாத மனுசன் என்னாத்தைப் பேசறது? ரெண்டு வார்த்தைக்கு மேல மூச்சும் இல்ல" என்றார்.

"அவரு பேசட்டுங்க" என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வார்த்தை குறைந்தால் எனக்கு வேலை குறையும். தாகம் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வருஷம் மோர்ச் செம்பை என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டார்கள்.

பெரிய வெள்ளி மத்தியானம். மூன்று பேர் பேசி முடித்தார்கள். சுரங்கத்தார் முதல் தடவையாகக் கோயிலுக்குள் வந்தார். கூரையைப் பார்த்தார். முன்னால் வந்து, பிரசங்க மேடையில் ஏறாமல், பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். அங்கே கயிறு இல்லை. ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கித் தூணை உயரே எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நாலாவது வார்த்த" என்றார்.

மூச்சு.

"எம் மவன்... உள்ள தட்டுனான்."

மூச்சு.

"யாரும் போவல."

பெண்கள் பக்கத்தில் ஒரு விசும்பல் எழுந்து அடங்கியது.

"இவரும் சிலுவமேல இருந்து... கூப்புட்டாரு. பதில் வரல. வந்துச்சுன்னு... ஒபதேசியாரு சொல்லுவாரு. வேதத்துல இல்ல. தேடிப் பாத்துட்டேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேதப் புத்தகத்தைப் பார்த்தேன்.

"பதில் வராத எடம்... எப்புடி இருக்கும்னு... அவருக்குத் தெரியும். அதனால..."

இருமல் வந்துவிட்டது. நீண்ட இருமல். பெண்கள் பக்கத்திலிருந்து அந்த அம்மாள் பழக்க தோஷத்தில் எழுந்தார், முடித்து வைப்பதற்கு. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அதனால... எம் மவங்கூட... உள்ள அவரு இருந்திருப்பாரு. வேற யாரால முடியும்?" தூணைப் பிடித்து எக்கினார். "வேற சாமி... எனக்கு வாணாம்."

அவ்வளவுதான். அங்கேயே, தூணடியில், தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்தது என் ஐந்தாம் வார்த்தை. நான் எழவில்லை. யாரும் பாட்டு எடுக்கவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த நேரம் முழுவதும் அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கோயிலுக்குள்ளே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சபை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் என் வாழ்நாளில் குறுக்கே பேசாமல் கேட்ட ஒரே பிரசங்கம்.

இதற்குப் பிறகு ஊர் அவரைத் தோளில் தூக்கியது என்று எழுதினால் எனக்கும் நன்றாக இருக்கும், படிக்கிறவர்களுக்கும் நன்றாக இருக்கும். நடந்தது வேறு.

அடுத்த மாதம் போதகர் ஐயா வந்தபோது மூப்பர் எழுந்து முறையிட்டார். தேவன் பதில் கொடுக்கவில்லை என்று ஒருவன் கோயிலில் நின்று சொல்லலாமா? சின்னப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்களே? நானும் எழுந்து பேசினேன். அவர் சொன்னது அவிசுவாசம் இல்லை, பதில் வராத அந்த இடத்தில் நின்றும் அவர் ஆண்டவரை விட்டுப் போகாமல் இருக்கிறாரே, அது எங்களிடம் இல்லாத விசுவாசம் என்று மனப்பூர்வமாகச் சொன்னேன். வேடிக்கை ஒன்றும் கலக்காமல் நான் பேசிய முதல் பேச்சு. எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கை எங்கே வரப் போகிறது என்று காத்திருந்து, வராததால் அதையே வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். என் சம்பாத்தியம் அது.

மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"எம் பொண்ணு வாந்திபேதியில போனப்ப, பொணம் வூட்ல கெடக்க, நான் எந்திரிச்சு நின்னு ஸ்தோத்திரம் சொன்னேன். நீங்க வர்றதுக்கு முன்னால. பல்லக் கடிச்சிக்கிட்டுச் சொன்னேன்" என்றார். "இந்த ஆளு சொல்றது நெசம்னா, நான் அன்னைக்குச் சொன்னது என்னாங்க?"

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தார்.

போதகர் ஐயா நடுவான மனிதர். நடுவான தீர்ப்புச் சொன்னார். சுரங்கத்தார் சபை முன்பாக எழுந்து, "தேவன் பதில் கொடுத்தார்" என்று ஒரு வரி சொல்லட்டும். சொல்லும் வரைக்கும் திருவிருந்து இல்லை.

ஒரு வரிதான். அவர் மூச்சுக்கு அடங்குகிற வரிதான். அவர் சொல்லவில்லை. வராமலும் இருக்கவில்லை. ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் போதகர் ஐயா அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் அவருக்காக நடந்து போவார். இப்போது கிண்ணம் கடைசி வரிசையோடு திரும்பிவிடும். சுரங்கத்தார் அது வருவதையும் பார்ப்பார், திரும்புவதையும் பார்ப்பார். ஒருமுறை கைகளைக் குவித்து நீட்டினார். பிறகு தாமே மடக்கிக்கொண்டார். அந்தக் கைகளை நான் பார்த்தேன் என்பதைத் தவிர அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் அவர் படுத்தார். கயிற்றைப் பிடிக்கவும் தெம்பு இல்லை. அந்த அம்மாள் அவரைத் தன் நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்து, அவருடைய இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், காற்றுப் போவதற்காக. அந்த அம்மாளுக்குக் கை கடுக்கும்போது அவர் தம்பி மகள் வந்து மாற்றிக்கொள்வாள். நான் தருமபுரிக்குப் போய்ப் போதகர் ஐயாவிடம் சொன்னேன். அவர் கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார். "அந்த ஒரு வரியை உங்ககிட்டயாவது சொல்லட்டும், உபதேசியாரே. சொன்னார்னு நீங்க வந்து சொல்லுங்க. மழையானாலும் உடனே கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வர்றேன்" என்றார்.

மத்தியானம் பஸ் பிடித்து, நனைந்துகொண்டு ஊர் வந்து, நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கதவு எப்போதும் போலத் திறந்தே கிடந்தது. சாத்தினால் அவருக்கு ஆகாது. சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மோரைக் கரண்டியில் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனார். அவர் உதட்டை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார். அதற்கும் அப்படியே.

"விடிஞ்சதுல இருந்து இப்பிடித்தாங்க" என்றார் அந்த அம்மாள். அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. நான் அவரை அவ்வளவு சுருக்கமாகப் பேசிக் கேட்டதில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். முடிந்தவரை சுருக்கமாகத்தான் சொன்னேன், அப்போதும் நீண்டுவிட்டது. ஒரே வரிங்கண்ணா, சபை முன்னால்கூட வேண்டாம், என்னிடம் சொன்னால் போதும், போதகர் ஐயா கிண்ணத்தோடு புறப்பட்டு வருவார் என்றேன். "பதில் வந்துச்சுன்னு நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றேன். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், கண்ணை மூடித் திறந்தால் போதும் என்றேன்.

அவர் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், மூடாமல், நீர் வழிகிற வரைக்கும்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மனைவி தூக்கிப் பிடித்த கைகளோடு இருந்த மனிதர்மேல் ஆத்திரம். "அப்படின்னா போதகர் ஐயா கேட்டா நான் என்னான்னுங்க சொல்றது?" என்றேன்.

அந்த அம்மாள் அவருடைய கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். சுரங்கத்தாரின் நெஞ்சு ஏறியது.

"தாகமா இருக்குதுன்னு சொல்லுங்க."